கரண்ட் இல்லாத மெஷின் கஸ்டம்ஸில் கைக்கருவியா?

பட்டறை வைத்திருப்பவர்கள் சிலர், தகடு வெட்டி மடித்து உருட்டுகிற கை மெஷினை வெளிநாட்டிலிருந்து நாமே இறக்கலாமா, கஸ்டம்ஸில் எவ்வளவு போகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் போனில் சொல்வதற்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் பட்டறை பாபநாசம் பக்கம். அரிசி மில்லுக்கு ஹாப்பர், எலிவேட்டர் பெட்டி, டக்ட் என்று பெரும்பாலும் ஜி.ஐ. தகட்டு வேலைதான். குறுவை அறுப்பு நெருங்கினால் மில்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள். 1 மி.மீ. தகட்டுக்கு ஹைட்ராலிக் பிரஸ் பிரேக் (தகட்டை அழுத்தி மடிக்கும் பெரிய மெஷின்) வாங்கிப் போடுவது வீண் செலவு, அதனால் 2023-இல் சீனாவிலிருந்து ‘த்ரீ இன் ஒன்’ மெஷின் ஒன்றுக்குச் சொன்னோம். 1016 மி.மீ. அகலம், மேலே ரோலர், நடுவில் மடிப்பு, கீழே வெட்டுக்கத்தி, எல்லாமே கையால் சுற்றுவதும் இழுப்பதும்தான். மோட்டார் கிடையாது. தரையில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டிய கனமான வார்ப்பிரும்புச் சாமான்.

ஐ.இ.சி. என்கிற இறக்குமதி-ஏற்றுமதி எண் எடுப்பது, வெளிநாட்டுப் பணம் அனுப்பும் பேங்கின் ஏ.டி. கோடு எண்ணைத் துறைமுகத்தில் பதிவு செய்வது, இதெல்லாம் ஆன்லைனில் முடிகிற வேலை, பெரிய விஷயமில்லை. சரக்கு தூத்துக்குடிக்கு, பலருடைய சரக்கோடு சேர்ந்த கன்டெய்னரில் வந்தது. சிக்கல் இன்வாய்ஸில். அனுப்பியவர்கள் ‘கையால் இயக்கும் தகட்டுக் கருவி’ என்று எழுதி, பக்கத்தில் 8205 என்று எச்.எஸ். கோடு எண்ணும் போட்டிருந்தார்கள். கஸ்டம்ஸில் சரக்கை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பொதுவான எண் அது, முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் சேர்ந்தால் தலைப்பு. 8205 என்பது கைக்கருவிகளுக்கான தலைப்பு. உலோக வேலை மெஷின்களில் வளைப்பது, மடிப்பது, வெட்டுவது எல்லாம் 8462.

எங்கள் கஸ்டம்ஸ் ஏஜெண்ட் தூத்துக்குடிக்காரர், பழகிய ஆள். “அண்ணாச்சி, மோட்டார் இல்ல, இன்வாய்ஸ்லயும் 8205 இருக்கு, பேசாம அதுலயே போட்டுருவோமே, கேள்வியே வராது” என்றார். கேள்வி வராமல் இருக்கலாம், வரி கூடுதலாகப் போகுமே. அப்போது 8462-க்கு அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், 8205-க்கு 10. அந்த வரித் தொகையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, அப்புறம் இரண்டுக்குமே 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதியில் கட்டும் ஜி.எஸ்.டி.). ஒரு லட்சம் மதிப்புக்கு அடிப்படை வரியும் கூடுதல் வரியும் சேர்த்து ஒன்றில் 8,250 ரூபாய், மற்றதில் 11,000. ஐ.ஜி.எஸ்.டி. ஜி.எஸ்.டி. கணக்கில் கிரெடிட்டாகத் திரும்பிவிடும், இந்த 2,750 திரும்பாது.

பணத்தைவிட முக்கியமாக, 8205 என்பதே தவறு. கரண்டில் ஓடுகிறதா கையால் ஓடுகிறதா என்பது இங்கே அளவுகோலே இல்லை. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளில் 82-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இது தெளிவாக இருக்கிறது: கையில் பிடித்துத் தனியாகப் பயன்படுத்துவது என்றால், உள்ளே பல்சக்கரமோ நெம்புகோலோ இருந்தாலும் 82-ஆம் அத்தியாயம். பெஞ்சிலோ சுவரிலோ பொருத்துவதற்கென்று செய்தது, அல்லது எடை, அளவு, தேவைப்படும் விசை காரணமாக அடித்தகடும் ஸ்டாண்டும் சட்டமும் வைத்தது என்றால் பொதுவாக 84-ஆம் அத்தியாயம். அவர்களே உதாரணமும் தருகிறார்கள். நெஞ்சால் அழுத்திச் சுற்றுகிற கை டிரில் 8205, ஸ்டாண்டில் மாட்டுவதற்கான டிரில் 8459. குறடு மாதிரி பிடித்து வெட்டும் தகட்டுக் கத்தரி 8203, அடித்தகடு வைத்த கில்லட்டின் வகை வெட்டு மெஷின் கையால் இயக்கினாலும் 8462. எங்கள் மெஷினைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

இதை ஏஜெண்டிடம் படித்துக் காட்டியதும் ஒரு கேள்வி போட்டார், நல்ல கேள்வி: “அப்ப பெஞ்சு வைஸ்? அதையும் பெஞ்சுலதான முடுக்குதோம், அது 8205-ல தான இருக்கு?” இருக்கிறதுதான். வைஸ், கொண்டு போகக்கூடிய உலை, காலால் மிதிக்கிற சட்டம் வைத்த சாணைக்கல், இவை 8205 தலைப்பிலேயே பேர் சொல்லி எழுதப்பட்டவை. பேர் இருப்பதால் அங்கே இருக்கின்றன, ஸ்டாண்டு விதி அவற்றிடம் செல்லாது. கும்பகோணம் பக்கத்து வீடுகளில் கையால் சுற்றிக் காப்பிக்கொட்டை அரைப்பார்களே, அந்த மெஷினுக்கும் இப்படித் தனி இடம்: 10 கிலோவுக்குள் இருந்தால் 8210. தகடு மடிக்கிற மெஷினுக்கு அந்த மாதிரி விதிவிலக்கு எதுவும் இல்லை.

அடுத்தது உட்பிரிவு. மடிப்பு, உருட்டல் என்றால் 8462.29, வெட்டு என்றால் 8462.39. மூன்றில் இரண்டு வேலை வளைப்பதுதானே, 29 போடலாம் என்றார் ஏஜெண்ட். சுங்க வரிப் பட்டியலில் மெஷின்களுக்கான 16-ஆம் பிரிவின் 3-ஆம் குறிப்பு, பல வேலை செய்யும் மெஷினை அதன் முதன்மை வேலையை வைத்து வகைப்படுத்தச் சொல்கிறது. எங்கள் மெஷினில் வெட்டாமல் மடிக்க முடியாது, மடிக்காமல் வெட்டி என்ன பயன், எது முதன்மை என்று யார் சொல்வது? அப்படிச் சொல்ல முடியாதபோது வகைப்பாட்டுக்கான பொது விதி 3(சி): எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுக்க வேண்டும். ஆக 8462.39. வரி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் இதில் யாரும் சண்டை போடவில்லை. ஒன்று மட்டும்: பழைய பட்டியல்களில் 8462.99 என்று பார்த்தால் நம்பாதீர்கள், 2022 ஜனவரியில் அந்தத் தலைப்பையே மாற்றி அடுக்கிவிட்டார்கள்.

பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது கஸ்டம்ஸில் கொடுக்கும் இறக்குமதிப் படிவத்தை, 8462-இல் போட்டோம். இப்போது மதிப்பீடு முகம் பார்க்காத முறை, நம் சரக்கு தூத்துக்குடியில் இருந்தாலும் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். எதிர்பார்த்த கேள்வி வந்தது: இன்வாய்ஸில் கையால் இயக்கும் கருவி என்றிருக்க, ஏன் 8205 இல்லை? கஸ்டம்ஸுக்கு ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றுகிற இ-சஞ்சித்தில் கேட்டலாக், அடித்தகடும் போல்ட் துளைகளும் தெரிகிற படம், விளக்கக் குறிப்பின் அந்தப் பத்தி, எல்லாவற்றையும் ஏற்றி ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினோம். விளக்கக் குறிப்பு சட்டம் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, வகைப்பாட்டுச் சந்தேகத்தில் அதை வழிகாட்டியாகக் கொள்ளலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1995 வுட் கிராஃப்ட் தீர்ப்பையும் ஒரு வரியில் சேர்த்தோம்.

பதில் போகும் வரை சரக்கு கிடங்கில்தான், வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். எரிச்சலே அதுதான். ஒத்துக்கொண்டு கூடுதல் வரி கட்டினால் சீக்கிரம் வெளியே வரலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவின்படி, மறுமதிப்பீடு செய்த 15 நாளுக்குள் அதிகாரி காரணம் சொல்லி உத்தரவு போட வேண்டும், அதன் மேல் மேல்முறையீடு செய்யலாம். சின்னச் சரக்குக்கு வாடகை வரி வித்தியாசத்தையே தின்றுவிடும் என்பது உண்மை. ஆனாலும் ஒருமுறை கைக்கருவி என்று ஒத்துக்கொண்டால் அடுத்த சரக்குக்கு அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டுவார்கள் என்று தோன்றியது, பொறுத்திருந்தோம். உத்தரவு வரை போகவில்லை, எங்கள் பதிலை ஏற்று 8462-இலேயே விட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் ஆர்டர் போடும்போதே, ‘தரையில் பொருத்தும், கையால் இயக்கும் வெட்டு, மடிப்பு, உருட்டு மெஷின்’ என்று இன்வாய்ஸில் எழுதச் சொல்லிவிடுங்கள், கோடு எண்ணையும் சரிபாருங்கள். உதிரிக் கத்திகளையும் சேர்த்து வாங்கினால் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், அது 8462-உம் இல்லை, மெஷின் பாகங்களுக்கான 8466-உம் இல்லை. உலோக வேலை மெஷின்களின் வெட்டுக்கத்திக்கு 8208.10 என்று தனியாகவே இருக்கிறது.