உங்கள் மூன்று வருஷம் மட்டும் போதாது, துணைவருடைய மூன்று வருஷமும் வேண்டும்

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டிய 725 டாலர் போனது. அதைவிட, ஒரு வருஷத்துக்கும் மேலே கூடுதலாகக் காத்திருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒரே ஒரு தேதி. அமெரிக்கக் குடிமகனை மணந்தவர் கிரீன் கார்டு வாங்கி மூன்று வருஷம் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாடி வீட்டு அக்கா எனக்கும் அதைத்தான் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

என் வீட்டுக்காரர் 2016-லேயே கிரீன் கார்டு வாங்கியவர். எங்கள் கல்யாணம் 2017 பிப்ரவரியில். நான் 2019 நவம்பரில் குடியேற்ற விசாவில் இங்கே வந்து இறங்கி, கிரீன் கார்டு வாங்கினேன். அவர் குடிமகனாக உறுதிமொழி எடுத்தது 2021 பிப்ரவரியில். கார்டில் அச்சிட்டிருக்கும் ‘ரெசிடெண்ட் சின்ஸ்’ தேதியிலிருந்து, அதாவது நிரந்தரமாகக் குடியேறிய நாளிலிருந்து, மூன்று வருஷம் எண்ணி, 90 நாள் முன்கூட்டியே போடலாம் என்ற சலுகையையும் கழித்து, 2022 ஆகஸ்டில் ஆன்லைனில் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவத்தைப் போட்டேன். கணவர் எப்போது குடிமகன் ஆனார் என்று படிவம் கேட்டது. சரியான தேதியையே எழுதினேன். எங்கேயும் தடுக்கவில்லை, பணத்தையும் எடுத்துக்கொண்டது.

2023 பிப்ரவரியில் இன்டர்வியூ. குடியுரிமைத் தேர்வின் 100 கேள்விகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்த அதிகாரி கேள்விக்கே வரவில்லை. என் கணவருடைய குடியுரிமைச் சான்றிதழை வாங்கினார். தேதிக்குக் கீழே பேனாவை வைத்துச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம் மேஜைக் காலண்டரைத் திருப்பி, “நீங்கள் விண்ணப்பித்த அன்று உங்கள் கணவர் குடிமகனாகி ஒன்றரை வருஷம்தானே ஆகியிருந்தது?” என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் கை சில்லிட்டுப் போனது.

விதி இதுதான். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருஷமும் துணைவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் நீங்கள் இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 90 நாள் சலுகை நம் கிரீன் கார்டு காலத்துக்கு மட்டும்தான், துணைவரின் தேதிக்குச் செல்லாது. நான் 2024 பிப்ரவரிக்கு முன்னால் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது.

குடிமகனாக இருப்பவரைக் கட்டிக்கொண்டு, அவர் மூலமாகவே கிரீன் கார்டு வாங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. வேலை வழியில் கணவனும் மனைவியும் ஒரே நாளில் கார்டு வாங்கியிருந்தால், இருவருக்கும் ஐந்து வருஷக் கணக்கே (கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனால் போடும் பொது வழி) முதலில் வந்துவிடும். என்னைப் போல, கிரீன் கார்டுக்காரரைக் கட்டிப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்தான் மாட்டுகிறோம். நீங்கள் அந்த வகை என்றால், இப்போதே உங்கள் துணைவரின் குடியுரிமைச் சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

நிராகரிப்புக் கடிதம் சில வாரத்தில் வந்தது. மறுவிசாரணைக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். தெரிந்தவர்கள் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. தேதி தேதிதான், யார் விசாரித்தாலும் அது மாறாது. இப்படி நிராகரிக்கப்பட்டால் தகுதி வந்தபிறகு புதிதாக விண்ணப்பிக்கத் தடை கிடையாது, கட்டணம் மட்டும் மறுபடி கட்ட வேண்டும்.

காத்திருந்த காலத்தில் அப்பாவின் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனேன். அம்மா இன்னும் ஒரு மாதம் இரு என்று அழுதார். ஆனால் ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால், தொடர்ந்து இங்கே வசித்தோம் என்பதை நாமே நிரூபிக்க வேண்டிவரும். ஐந்தாவது மாதக் கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளம்பினேன். மூன்று வருஷத்தில் மொத்தமாக 18 மாதமாவது இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது தனிக் கணக்கு. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு முத்திரையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தது அப்போது கைகொடுத்தது.

2024 ஏப்ரலில் மறுபடி போட்டேன். ஆன்லைன் கட்டணம் 710 டாலராகியிருந்தது. ஐந்து வருஷக் கணக்கில் போவதாக இருந்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வழியில் கல்யாணத்தை நிரூபிக்கும் பேப்பர்கள் தேவைப்படாது. உங்களுக்கு ஐந்து வருஷம் நெருங்கிவிட்டதென்றால் அதையே தேர்ந்தெடுங்கள், தலைவலி குறைவு.

எனக்கு அந்தத் தலைவலியும் வந்தது. வரிக் கணக்கின் ட்ரான்ஸ்கிரிப்ட் (வரித்துறை தரும் பதிவுச் சுருக்கம்), வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் இருவர் பெயரிலும் வைத்திருந்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய எங்கள் திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தது. மொழிபெயர்ப்பை இணைக்க மறந்துவிட்டேன். செப்டம்பர் இன்டர்வியூவில் ஆறு கேள்விக்கும் வரிசையாகச் சரியான பதில் சொல்லி, வாசித்து, எழுதியும் காட்டிவிட்டேன். கடைசியில் மொழிபெயர்ப்பை அனுப்பச் சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஏஜென்சிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த ஒரு தோழி மொழிபெயர்த்து, ‘எனக்கு இரு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது’ என்று கையெழுத்திட்டுத் தந்தாள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இனி போடுபவர்கள் கவனிக்க: 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குத் தேர்வு மாறிவிட்டது. 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். பழைய 100 கேள்விப் பட்டியலை வைத்துப் படிக்காதீர்கள்.

இன்டர்வியூ முடிந்து, நவம்பரில் எனக்கு உறுதிமொழி. வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். கையில் வந்த சான்றிதழில் என் பெயரோடு சேர்ந்த அப்பாவின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று மூன்று முறை படித்தேன். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். “ரொம்ப சந்தோஷம்டி. ஆனா இனிமே நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு நீ விசா வாங்கணுமா?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச நேரம் போனைப் பிடித்தபடி நின்றேன். மறுநாளே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அது முடிந்தால்தான் ஓசிஐ-க்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டைக்கு, போட முடியும். தை மாதத்துக்குள் அந்த அட்டை கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் எண்ணம்.