வாய்க்கால் தண்ணீரில் வைரஸ் எண்ணிய கதை

ஆய்வுக்கு நான் எடுத்தது பற்றீரியாவைத் தாக்கும் வைரஸ், அதாவது பேஜ். யாழ்ப்பாணத்தில் அதற்கு அலையவே தேவையில்லை. கழிவு வாய்க்காலில் ஒரு போத்தல் மொண்டால் சரி. 0.22 மைக்ரோமீற்றர் வடியில் விட்டால் பற்றீரியா மேலே நின்றுவிடும், பேஜ் கீழே இறங்கிவிடும். அதை ஈகோலை என்ற குடல் பற்றீரியாவில் பெருக்கிக்கொண்டேன்.

எண்ணுவது பழைய முறையில்தான். பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, ஈகோலையுடன் மென் அகாரில் (ஆறினால் கட்டிபடும் கூழ்) கலந்து பெத்திரிக் கிண்ணத்தில் ஊற்றி, ஓர் இரவு 37 பாகையில் வைக்கவேண்டும். அகார் கூடச் சூடென்றால் பற்றீரியா செத்துவிடும், ஆறவிட்டால் கட்டிபட்டுவிடும். அகார் 45 பாகை அளவில் இருக்கும்போதே கை ஓடவேண்டும். காற்றில் வேறு கிருமி விழுமென்று மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். சித்திரை வெயிலில் அது தண்டனைதான்!

காலையில் பார்த்தால் மங்கலான பற்றீரியாப் படலத்தில் ஊசிமுனை அளவில் தெளிந்த வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பேஜ் பெருகிப் பற்றீரியாவை அழித்த இடம். 30க்கும் 300க்கும் இடையில் உள்ள கிண்ணத்தைத்தான் எண்ணுவார்கள். 10 இலட்சம் மடங்கு ஐதாக்கியதில் எனக்கு 84. ஊற்றியது 0.1 மில்லிலீற்றர், ஆகவே மில்லிலீற்றருக்கு 84 கோடி.

பேஜின் பருமனை அளக்கக் கொழும்பு போகவேண்டியிருந்தது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் கொண்டுபோனேன். அங்கிருந்த கருவியில் லேசர் ஒளி பட்டு ஒவ்வொரு துகளும் வெள்ளைப் புள்ளியாகத் துடிக்கும். சிறியது வேகமாக, பெரியது ஆறுதலாக. அந்த வேகத்திலிருந்து விட்டத்தைக் கணிக்கிறார்கள்.

கருவிக்குப் பொறுப்பான அக்கா உடனே போட விடவில்லை. "ஐஸ் குளிர் போகட்டும் தம்பி, பிறகு போடுவம்." நியாயம்தான். 10 பாகையில் தண்ணீரின் பாகுத்தன்மை 25 பாகையில் உள்ளதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. துகள் மெதுவாக அசையும், கருவி அதைப் பெரிதென்று எழுதிவிடும். முதலில் பேஜ் இல்லாத வெறும் தாங்கற்கரைசலையும் (பேஜை வைத்திருக்கும் உப்புக் கரைசல்) ஓட்டிப் பார்த்தார். வழமையான செய்முறையில் சேர்க்கும் ஜெலற்றினே துகளாகத் தெரியுமாம். அதைச் சேர்க்கவேண்டாமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

வரைபின் உச்சி, அதாவது அதிகமான துகள்களின் விட்டம், 95 நனோமீற்றர் அளவில் வந்தது. வாலுள்ள பேஜையும் கருவி உருண்டையென்றுதான் எடுக்கும், அதனால் இது அதன் உண்மையான நீளமல்ல. செறிவோ மில்லிலீற்றருக்கு 600 கோடி! கிண்ணம் சொன்னதைப்போல ஏழு மடங்கு. கிண்ணத்தில் தெரிவது தொற்றக்கூடிய பேஜ் மட்டும். கருவிக்குச் செத்த பேஜும், உடைந்த பற்றீரியாவின் சவ்வுத் துண்டும் ஒன்றுதான்.

ஆய்வை வழிநடத்தும் சேர் இரண்டு எண்ணிக்கையையும் தனித்தனி நிரலில் போடச் சொன்னார். ஒரு பற்றீரியாவுக்கு எத்தனை பேஜ் என்று கணக்குப் பார்த்துக் கலக்கும்போது நான் எடுப்பது 84 கோடியைத்தான்.