பழைய படம், புது டிஸ்க்: சென்சார் சான்றிதழில் பாஸ் போடுங்கள்

பழைய தமிழ்ப் பட டிஸ்க் எதுவானாலும், போட்டவுடன் ரிமோட்டைக் கீழே வைக்காதீர்கள். சென்சார் சான்றிதழ் திரைக்கு வந்ததும் பாஸ் போட்டு, நீளம் என்ற இடத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய படங்களில் அடிக்கணக்கு, பிற்பாடு மீட்டர் கணக்கு. கவரில் ‘முழுப்படம்’, ‘எச்.டி. தரம்’ என்று எதை அச்சிட்டிருந்தாலும் சரி, உள்ளே எவ்வளவு படம் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

கணக்கு எளிது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆக நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் சொன்னால் 27.4. சான்றிதழில் 4,400 மீட்டர் என்றிருந்தால் 27.4-ஆல் வகுங்கள். 160 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். தியேட்டரில் ஓடிய படம் அவ்வளவு.

டிவிடியில் அதே 160 வராமல் போகலாம். நம் நாட்டு டிவிடிகளில் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடுபவை உண்டு. அவற்றில் படம் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். 160 நிமிடப் படம் ஒரு ஃபிரேம்கூட வெட்டுப்படாமல் 154 நிமிடத்தில் முடியும். இதைத் தெரியாமல் ஆறு நிமிடம் காணோம் என்று கடையில் சண்டைக்குப் போகக் கூடாது. ஆனால் பிளேயர் 140 என்று காட்டினால் 14 நிமிடம் நிஜமாகவே போயிருக்கிறது. 14 நிமிடம் என்பது மூன்று பாட்டு. போவது பெரும்பாலும் இரண்டாம் பாதிப் பாட்டும் தனி நகைச்சுவைப் பகுதியும். புளூ-ரே பெரும்பாலும் 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் அங்கே கழிவு எதுவும் கிடையாது, நேரம் அப்படியே பொருந்த வேண்டும். ஒரு சங்கதி மட்டும்: மறுவெளியீட்டுக்காகப் புதிதாக வாங்கிய சான்றிதழ் என்றால் அதில் இருப்பது குறைத்த நீளமாக இருக்கலாம். சான்றிதழில் உள்ள ஆண்டைப் பாருங்கள்.

அந்த 4 சதவீத வேகம் காதையும் பாதிக்கிறது. சுருதியைச் சரிசெய்யாமல் விட்ட டிவிடியில் ஒரு கட்டையில் பாடிய பாட்டு ஒன்றரைக் கட்டையைத் தொடப் போகும். நாதஸ்வரமும் வீணையும் வரும் படங்களில் இது பெரிய குறை. வீட்டில் சுருதிப்பெட்டியோ ஹார்மோனியமோ இருந்தால் வைத்துப் பாருங்கள். பழைய இசைத்தட்டுப் பதிவோடு ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும். பாட்டுக்காகவே ஒரு பழைய படத்தை வாங்குகிறவர்கள், இரண்டு வடிவமும் கிடைத்தால் யோசிக்காமல் புளூ-ரேயை எடுக்கலாம்.

ஒலியில் இன்னொரு அநியாயம் 5.1. அந்தக் காலப் படத்தின் ஒலி பிலிம் ஓரத்தில் ஒற்றைத் தடத்தில் பதிவானது. அதைப் பிரித்து ஐந்து ஸ்பீக்கருக்குப் பரப்பும்போது வசனம் குகைக்குள் பேசுவதுபோல் ஆகிறது. போதாததற்குப் புது இடியும் குதிரைக் குளம்பும் ஒட்டிவிடுகிறார்கள். இரைச்சலை எடுக்கிறேன் என்று மேல்ஸ்தாயி ஒலிகளைச் சீவிவிடுவதும் உண்டு. இதற்கு ஒரு சோதனை: ஜால்ரா வரும் இடம். தட்டிய பிறகு ‘ணங்’கென்று நீண்டு அடங்க வேண்டும். ‘டக்’கென்று செத்துப்போனால் வடிகட்டியிருக்கிறார்கள். ‘ச’, ‘ஷ’ இரண்டும் ஒன்றுபோல் மழுங்கிக் கேட்டாலும் அதே காரணம்தான். மெனுவில் மோனோ தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். லேசான இரைச்சல் இருக்கட்டும்.

அடுத்து சட்டகம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜசோழன். அதற்கு முந்தைய நம் படங்கள் பொதுவாக அகலம் 1.37, உயரம் 1 என்ற அளவில் எடுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட படம் இன்றைய டிவியில் ஓடும்போது இடமும் வலமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். திரை முழுக்க நிறைந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: இழுத்திருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்ததைக் கண்டுபிடிக்கத் தேர்ச் சக்கரமோ சுவர்க் கடிகாரமோ நேருக்கு நேர் வரும் இடத்தில் பாஸ் போட்டு, குறுக்கும் நெடுக்கும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வட்டம் பூசணிக்காயாகியிருக்கும். இது சில சமயம் டிஸ்க்கின் தவறாக இருக்காது, டிவியின் படவடிவ அமைப்பு ‘வைடு’ அல்லது ‘ஜூம்’ என்று இருந்திருக்கும். அதை முதலில் சரிபாருங்கள்.

வெட்டியிருந்தால் நஷ்டம் அதிகம். 1.37 படத்தை 1.78 டிவிக்கு நிரப்ப வேண்டுமானால் சுமார் 23 சதவீதப் படத்தைத் தூக்கி எறிய வேண்டும். நாட்டியக் காட்சியில் ஆடுபவரின் பாதம் தெரியாது, சதங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். 2012-இல் கர்ணன் டிஜிட்டலில் மறுவெளியீடாகி நன்றாக ஓடிய பிறகு பழைய படங்கள் வரிசையாகத் தியேட்டருக்கு வந்தன. அவற்றில் பல அகலத் திரைக்காக மாற்றப்பட்டவை. அந்தக் கோப்பிலிருந்தே டிஸ்க் போட்டால் வீட்டுக்கும் அதே வெட்டுதான் வரும். பளிச்சென்று இருக்கிறது என்பதற்காகப் பழைய டிவிடியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முழுச் சட்டகம் அதில் மட்டும் இருக்கலாம். ஸ்கோப் படங்களுக்கு இதற்கு நேர்மாறான துரோகம் வி.சி.டி. காலத்தில் நடந்தது. 2.35 படத்தைப் பழைய டிவியின் 1.33-க்கு நிரப்பினால் 43 சதவீதம் போய்விடும். இரண்டு பேர் பேசும் காட்சியில் இரண்டு மூக்கும் நடுவில் ஒரு தூணும் மட்டும் தெரிந்தால் காரணம் அதுதான்.

இதெல்லாம் தாண்டி டிஸ்க்கின் தரத்தைத் தீர்மானிப்பது அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே. மூல நெகட்டிவ் முதல் தரம். அதிலிருந்து எடுத்த இடைநிலைப் பிரதி அடுத்தது. தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் மூன்றாவது. அந்தப் பிரிண்டிலிருந்து எப்போதோ வீடியோ டேப்பில் ஏற்றியது கடைசி. கவரில் 4கே ஸ்கேன் என்று போட்டிருந்தாலும் எதை ஸ்கேன் செய்தார்கள் என்று போடவில்லையென்றால் அந்த 4கே-வுக்கு அர்த்தம் இல்லை. பிரிண்ட் என்றால் அதுவே காட்டிக்கொடுக்கும்: ரீல் முடியும் இடத்தில் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு நாலு ஃபிரேமுக்கு மின்னி மறையும், ஏழு நொடி கழித்து மறுபடியும் மின்னும். ஆபரேட்டர் அடுத்த புரொஜக்டருக்கு மாறுவதற்கான அடையாளம் அது. ரீல் ஓரங்களில்தான் பிரிண்ட் அதிகம் கிழிந்து ஒட்டப்படும் என்பதால் அந்த இடத்தில் வசனம் ஒரு சொல் துள்ளும்.

வண்ணப் படத்தில் இன்னும் சுலபம். ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. மரத்து இலை செங்கல் நிறத்தில் இருந்தால் மங்கிய பிரிண்டிலிருந்து எடுத்தது. கணினியில் திருத்தியிருந்தால் திருநீற்றைப் பாருங்கள். நெற்றியில் பூசிய திருநீறும் வெள்ளை வேட்டியும் ஒரே காட்சியில் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வேட்டியில் லேசான நீலப்பச்சை ஏறியிருந்தால் நிறம் திருத்தியவர் இன்றைய ருசியைப் பழைய படத்தின் மேல் பூசியிருக்கிறார்.

நெகட்டிவ் கிடைப்பது நம் பக்கம் ஏன் இவ்வளவு அபூர்வம் என்று கேட்பவர்கள் நம் வேலூர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான கீசகவதம் எடுத்த ஆர். நடராஜ முதலியார் பிறந்தது வேலூரில், 1885-இல். அந்தப் படத்தின் ஒரு ரீல்கூட இன்று கிடையாது. அக்கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும். பிறகு வந்த அசிடேட் பிலிம் அப்படி எளிதில் தீப்பற்றாது, ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் விடத் தொடங்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும், பிலிம் சுருங்கி வளையும். நம் பருவநிலையில் குளிரூட்டாத கிடங்கில் வைத்தால் தப்புவது கடினம். மனம் வைத்தால் என்ன முடியும் என்பதற்கு சத்யஜித் ரேயின் அபு மூன்று படங்களே சான்று. 1993-இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகிய நெகட்டிவ்களை ஊறவைத்து, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டி, இத்தாலியின் பொலோனா ஆய்வகத்தில் மீட்டார்கள். மீட்க முடியாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்தார்கள். 2015-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட புளூ-ரே அதிலிருந்து வந்தது. தமிழ் முன்னோடிகளின் படங்களுக்கு இப்படி ஒரு டிஸ்க் பெட்டி வர வேண்டும் என்பது நியாயமான ஆசை.

அடுத்து பிலிமின் மணி, அதாவது ‘கிரெயின்’. நல்ல மீட்டெடுப்பில் வானத்திலும் வெறுஞ்சுவரிலும் நுண்மணிகள் உயிரோடு நெளியும். அது அழுக்கு அல்ல, படமே அந்த மணிகளால் ஆனது. அதைத் துடைத்த டிஸ்க்கில் முகம் மெழுகுப் பொம்மையாக இருக்கும், பட்டுப்புடவைச் சரிகை ஒரே மஞ்சள் பட்டையாகிவிடும். கறுந்தலைமுடியைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரிந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள்.

விலையைப் பார்த்து ‘ஒரே டிஸ்க்கில் மூன்று படம்’ வாங்குகிறவர்கள் ஒரு வகுத்தல் போடலாம். 4.7 ஜி.பி. டிவிடியில் இரண்டரை மணி நேரப் படம் மூன்று என்றால் நொடிக்கு 1.4 மெகாபிட்டுக்கும் குறைவு. வி.சி.டி.யின் படமே 1.15. அதாவது டிவிடி வேடத்தில் வி.சி.டி. வாங்குகிறீர்கள். அதே நீளப் படம் ஒன்றை மட்டும் 8.5 ஜி.பி. டிஸ்க்கில் வைத்தால் 7.5 கிடைக்கும். மழைக்காட்சியிலும் கூட்டத்திலும் கட்டம் கட்டமாக உடையாமல் இருப்பது அதனால்தான். அடிப்பக்கம் ஊதாவாக இருந்தால் எரித்த டிஸ்க். வெள்ளியாக இருந்து, நடுத்துளை ஓரத்தில் ஐ.எஃப்.பி.ஐ. (IFPI) என்ற எழுத்துகளோடு குறியெண் பொடியாகப் பொறித்திருந்தால் ஆலையில் அச்சிட்டது.

வெளிநாட்டு டிஸ்க் வரவழைப்பவர்களுக்கு மண்டலப் பூட்டுதான் முதல் தடை. புளூ-ரேயில் அமெரிக்கா, ஜப்பான் ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா சி. இங்கே விற்பதற்கென்று வரும் பிளேயர் சி என்றால் ஏ டிஸ்க்கைப் போட்டவுடன் மறுப்பு வரி காட்டி நின்றுவிடும். 4கே அல்ட்ரா எச்.டி. டிஸ்க்குகளில் இந்தப் பூட்டு இல்லை. 2024-இல் குரோசாவாவின் ஜப்பானியப் படமான செவன் சாமுராயை 4கே-யில் அமெரிக்காவில் கிரைட்டீரியனும் இங்கிலாந்தில் பி.எஃப்.ஐ. என்ற பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் வெளியிட்டன. இரண்டின் 4கே டிஸ்க்கும் காட்பாடியில் ஓடும். ஆனால் பெட்டியில் கூடவே புளூ-ரே வந்தால், அதுவும் அதிலுள்ள விளக்கப் படங்களும் பூட்டோடு இருக்கலாம். அதைக் கணக்கில் வைத்து விலை கொடுங்கள். சாதாரண புளூ-ரே பிளேயர் 4கே டிஸ்க்கைப் படிக்காது. புதிதாக 4கே பிளேயர் வாங்குகிறவர்கள் கவனிக்க: சில டிவிகளில் பிளேயரைச் செருகிய எச்.டி.எம்.ஐ. துளைக்கு ‘என்ஹான்ஸ்டு’ அமைப்பைப் போட்டால்தான் எச்.டி.ஆர். (வெளிச்சமும் இருளும் விரிந்து தெரியும் முறை) வரும். பிளேயரில் 24 ஃபிரேம் வெளியீட்டைப் போட்டு, டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள்.

வேலூர் சாரதி மாளிகைக் கடைகள் பக்கமோ வேறெங்கோ பழைய பிளேயர் விசாரித்து வாங்குவதானால் மூன்று டிஸ்க் கையோடு போகட்டும்: ஓர் இரட்டை அடுக்கு டிவிடி, ஒரு 50 ஜி.பி. புளூ-ரே, ஒரு வெளிமண்டல டிஸ்க். டிவிடிக்கும் புளூ-ரேக்கும் லேசர் வேறு வேறு, ஒன்று ஓடினால் மற்றது ஓடும் என்று நம்பக் கூடாது. லேசர் தளர்ந்திருந்தால் முதல் அடுக்கு ஓடிவிடும், இரண்டாம் அடுக்கில் திணறும். ஆகவே படத்தின் நடுவுக்கும் கடைசி ஐந்து நிமிடத்துக்கும் தாவிப் பாருங்கள். நடுவில் அரை நொடி நின்று போவது அடுக்கு மாறுவதால், அது பழுதல்ல.

தபாலில் வரும் பெட்டியைப் பிரிக்கும் முன் காதோரம் வைத்து ஆட்டுங்கள். கலகலத்தால் டிஸ்க் பிடியிலிருந்து கழன்று உள்ளே உராய்ந்துகொண்டே வந்திருக்கிறது. பிரிப்பதை வீடியோ எடுத்தால் திருப்பி அனுப்பும்போது பேச ஆதாரம் இருக்கும். டிஸ்க்கை எடுக்கும்போது நடுக்குமிழை அழுத்திப் பிடி தளர்ந்த பிறகே தூக்குங்கள். ஓரத்தைப் பிடித்து வளைத்தால் நடுத்துளையில் முடிக்கீறல் விழும், அது நாளடைவில் நீளும்.

கழுவுவதற்கு நம் ஊர் போர் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் உப்புப் புள்ளி படியும், அதைத் துடைக்கப் போனால் கீறும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் விட்டுத் தடவி, சோப்புக் கலக்காத டிஸ்டில்டு வாட்டரில் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஒற்றியெடுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிளேயரின் பிழைதிருத்தம் அதைத் தாங்காது. குறுக்குக் கீறலைத் தாங்கும். பற்பசை போட்டுத் தேய்க்கும் வைத்தியம் டிவிடியின் மேலோட்டக் கீறலுக்குச் சில சமயம் பலிக்கும், ஏனென்றால் அதன் தகவல் 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. புளூ-ரேயில் அது வெறும் 0.1 மி.மீ. மேலே கடினப் பூச்சும் இருக்கிறது. பற்பசை பட்டால் அந்தப் பூச்சு போய்விடும்.

வேலூர் மே மாதத்தில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் உள்ள பரணும் மேற்குச் சுவர் அலமாரியும் டிஸ்க் வைக்கும் இடமல்ல. டிவிடி இரண்டு தகடுகளை ஒட்டியது. சூட்டில் பசை விட்டால் விளிம்பில் வானவில் வளையம் தெரியும், பிறகு அதற்கு மருந்து இல்லை. பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்காமல், வடக்குச் சுவரோரம் கீழ்த்தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள்.