பிரிண்டருக்கு ஒரு நிலையான முகவரி

மார்ச் 3, 2025, திங்கள்

புது பிரிண்டர் வந்துவிட்டது. பழையது யூஎஸ்பி கேபிளில் என் லேப்டாப்போடு கட்டுண்டு கிடந்தது. வீட்டில் யாருக்கு ஒரு பக்கம் அச்சிட வேண்டுமென்றாலும் ஃபைலை எனக்கு அனுப்பிவிட்டு நான் லேப்டாப்பைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது வைஃபை பிரிண்டர். யார் வேண்டுமானாலும் அவரவர் போனிலிருந்து நேராக அச்சிட வேண்டும் என்பதற்காகத்தான் வாங்கினேன், அது சரியாக நடக்கும்வரை இதை விடப்போவதில்லை. நடப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற வேறு யாருக்காவது பயன்படும்.

இதில் திரை கிடையாது. நான்கைந்து பொத்தான்கள், சில குட்டி விளக்குகள், அவ்வளவுதான். எழுத்து தட்டவே வழியில்லாத பிரிண்டருக்கு வைஃபை பாஸ்வேர்டை எப்படிச் சொல்வது? இதற்கு அவர்கள் செய்திருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முதல்முறை ஆன் செய்ததும் பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபையைப் பரப்புகிறது. போனில் இருக்கும் ஆப் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரிண்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. அதன்பின் பிரிண்டர் தன் பாட்டுக்கு ரவுட்டரோடு பேசிக்கொள்ள வேண்டும்.

இந்தப் போக்குவரத்தில்தான் பல பேருக்குச் சிக்கல் வருகிறது. பிரிண்டர் பரப்பும் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் நம்மைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் நடுவழியில் நின்றுபோய் 'பிரிண்டர் கிடைக்கவில்லை' என்று சொல்லும். அதனால் தொடங்கும் முன்பே மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். விபிஎன் இருந்தால் அதையும். ஆண்ட்ராய்டு போனில் ஆப் லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அருகில் என்னென்ன வைஃபை இருக்கின்றன என்ற பட்டியலை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கும் அதே அனுமதியை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இவ்வளவும் செய்தாயிற்று. ஆப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டது. ஆனால் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. சிமிட்டினால் தேடுகிறது, நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்ச் 4, செவ்வாய்

ஆப் சொல்லும் பிழைச் செய்தியை நம்பி ஒரு பயனும் இல்லை. எல்லாக் கோளாறுக்கும் ஒரே வாக்கியம்: 'இணைக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்.' தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கும் நிஜமான கோபம் இது. ஏன் முடியவில்லை என்பது பிரிண்டருக்குத் தெரியும், அதை நம்மிடம் சொல்ல மாட்டேன் என்கிறது.

சொல்ல வைக்க ஒரு வழி உண்டு. பெரும்பாலான பிரிண்டர்கள் தங்கள் நெட்வொர்க் நிலவரத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் தரும். எங்களுடையதில் வைஃபை பொத்தானையும் தகவல் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். மாடலுக்கு மாடல் இது மாறும், கையேட்டில் இருக்கும். வந்த தாளில் பிரிண்டரின் கண்ணுக்குத் தெரிகிற வைஃபைகள், ஒவ்வொன்றின் சிக்னல் பலம், சேனல், பாதுகாப்பு வகை எல்லாம் வரிசையாக இருந்தன. எங்கள் வீட்டு வைஃபையும் நல்ல சிக்னலோடு இருந்தது. பிரிண்டர் நம் வைஃபையைப் பார்க்கிறது, ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த ஒரு தாளால் தேடல் பாதியாகக் குறைந்தது.

நுழைய முடியாததற்கு இரண்டு காரணங்கள்தான் வழக்கம். ஒன்று, பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். அதே பாஸ்வேர்டை இன்னொரு போனில் புதிதாகத் தட்டிப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. மற்றது, பாதுகாப்பு வகை. ரவுட்டரின் செட்டிங்ஸில் 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தது. 2018-இல் அறிமுகமான தரம் அது, போன்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வீட்டு பிரிண்டர்களில் நிறைய இன்னும் டபிள்யூபிஏ2 வரைதான் பேசும். ரவுட்டரில் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை இருக்கிறது. அதற்கு மாற்றி, பிரிண்டரை அணைத்துப் போட்டதும் நீல விளக்கு நிலைத்துவிட்டது.

வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் '2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா' என்ற குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பல வீட்டு பிரிண்டர்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதற்காகப் போனையும் லேப்டாப்பையும் என்றென்றைக்கும் 2.4-லேயே வைத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. இரண்டு அலைவரிசையும் ஒரே ரவுட்டருக்குள் ஒரே நெட்வொர்க்காகத்தான் சேர்கின்றன. பிரிண்டர் 2.4-லும் போன் 5-லும் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்கும். இணைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் சில ஆப்கள் போனும் 2.4-ல் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு தாள் அச்சாக 2.4-இன் வேகம் தாராளம். சுவர் தாண்டிப் போவதிலும் அதுதான் மேல்.

மார்ச் 6, வியாழன்

அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். "ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ் பட்டன் இருக்குமே, அதை அமுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துக்குள்ள பிரிண்டர்லயும் அமுக்கினா முடிஞ்சுது. இதுக்கு ஏம்மா இவ்ளோ பாடு?" என்றார். உண்மைதான். பாஸ்வேர்டே தட்டாமல் சேர்ந்துவிடும். ஆனால் டபிள்யூபிஏ3-இல் டபிள்யூபிஎஸ் கிடையாது, எங்கள் ரவுட்டர் இருந்த நிலையில் அது நடந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. டபிள்யூபிஎஸ்ஸில் பட்டன் முறை ஒன்று, 8 இலக்க பின் எண் முறை இன்னொன்று. பின் முறையில் பெரிய ஓட்டை இருப்பதை 2011 டிசம்பரில் ஸ்டீஃபன் ஃபீபாக் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, முதல் 4 இலக்கம் சரியா என்று தனியாகவே பதில் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆக, கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய வாய்ப்புகள் 11,000-ஆகச் சுருங்கிவிடுகின்றன. பட்டன் முறையில் இந்த ஓட்டை இல்லை. இருந்தாலும் பிரிண்டரைச் சேர்த்த பிறகு ரவுட்டரில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுவதே நல்லது.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுவரை லேப்டாப்பிலிருந்து அச்சான பிரிண்டர் இன்று காலை 'ஆஃப்லைன்' என்கிறது. நீல விளக்கு நிலையாக எரிகிறது. என் போனிலிருந்து அனுப்பினால் உடனே தாள் வருகிறது. லேப்டாப்பில் மட்டும் ஆஃப்லைன்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரு நாள் இங்கே வந்து நிற்பார்கள். பலர் பிரிண்டரை நீக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி சேர்ப்பார்கள். சரியாகிவிடும். சில வாரம் கழித்துத் திரும்ப வரும். பிரிண்டர் பழுது என்று முடிவுகட்டி மறுபடி கேபிளுக்கே போய்விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை. அதன் முகவரி மாறியிருக்கிறது, அவ்வளவே.

ரவுட்டர் தன்னிடம் சேரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். டிஎச்சிபி என்ற இந்த ஏற்பாட்டில் முகவரி யாருக்கும் சொந்தமில்லை, கெடு வைத்துத் தரப்படுவது. ரவுட்டர் அணைந்து எழுந்தாலோ, பிரிண்டர் நீண்ட நேரம் அணைந்திருந்தாலோ அந்த முகவரி வேறொன்றுக்குப் போய்விடலாம். மறுபடி நிலவரத் தாளை எடுத்தேன். பிரிண்டர் வைஃபையில் சேர்ந்தபின் எடுத்த தாளில் 192.168.1.7. இன்றையதில் 192.168.1.12. லேப்டாப்பில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்து 'போர்ட்ஸ்' பகுதியைப் பார்த்தால் இன்னமும் 192.168.1.7 என்றே எழுதியிருக்கிறது. இப்போது அந்த முகவரியில் இருப்பது வீட்டில் இருக்கும் ஒரு டேப்லெட். லேப்டாப் அதனிடம் போய் அச்சிடச் சொல்லிக்கொண்டிருக்கிறது! போன் ஒவ்வொரு முறையும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடிக் கண்டுபிடிப்பதால் அதற்கு இந்தக் கஷ்டம் இல்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு, பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது. பிரிண்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மேக் முகவரி என்று 12 எழுத்து, எண் கொண்ட ஒரு வரி இருக்கும், பிரிண்டரை ரவுட்டர் அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். நிலவரத் தாளிலும் உண்டு. கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் வைஃபைக்கு உரியதை எடுக்க வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அந்த மேக் முகவரிக்கு நேராக 192.168.1.50 என்று போட்டுச் சேமித்தேன். பிரிண்டரை அணைத்துப் போட்டதும் 50-க்கு வந்துவிட்டது. லேப்டாப்பில் புதிதாக ஒரு டிசிபி/ஐபி போர்ட் உருவாக்கி அதே முகவரியைக் கொடுத்தேன். அச்சாகிறது.

முகவரியைப் பிரிண்டருக்குள்ளேயே நிலையாக எழுதிவிடலாமே என்றால், முடியும். நான் அதை விரும்பவில்லை. நாளைக்கு ரவுட்டரை மாற்றினால் புதிய ரவுட்டரின் எண் வரிசை வேறாக இருக்கலாம். பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிண்டரை அப்போது யாராலும் அணுக முடியாது. ஒதுக்கீடு ரவுட்டரில் இருந்தால் பிரிண்டர் எங்கே போனாலும் அங்கே கொடுப்பதை வாங்கிக்கொள்ளும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்று காட்டினால், அந்த போர்ட்டின் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் அந்த வழியில் நலம் விசாரிக்கும்போது பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், உயிரோடு இருக்கும் பிரிண்டரையும் இல்லை என்று எழுதிவிடும். நிலவரத் தாளில் முகவரி 169.254 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது ரவுட்டரை.

மார்ச் 15, சனி

அண்ணன் மகள் வந்திருக்கிறாள், நாளைக்குள் ஏதோ படிவம் அச்சிட வேண்டுமாம். "அத்தை, உங்க பிரிண்டர் என் போன்ல தெரியவே மாட்டேங்குது. வைஃபைல தானே இருக்கேன்?" என்றாள். எந்த வைஃபை என்று பார்த்தால், விருந்தினருக்கென்று வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபை.

போன்கள் பிரிண்டரைத் தேடும் முறை தெருவில் நின்று பொதுவாகக் குரல் கொடுப்பது போன்றது. 'இங்கே அச்சிடத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா' என்று போன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும், பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லும். எம்டிஎன்எஸ் என்று இதற்குப் பெயர். ஆப்பிளில் பணியாற்றிய ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் க்ரோக்மலும் எழுதிய இதன் தர ஆவணம் 2013 பிப்ரவரியில் வெளியானது. அதற்கு முன்பே, 2010 நவம்பரில் ஐபோனுக்கு வந்த ஏர்பிரிண்ட் என்ற அச்சிடும் வசதி இதை நம்பித்தான் இயங்கியது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஆப் எதுவும் போடாமல் போனிலிருந்து அச்சிட முடிவது இதனால்தான்.

ஆனால் அந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது. கெஸ்ட் வைஃபையின் நோக்கமே வந்தவர்களுக்கு இன்டர்நெட் மட்டும் கொடுத்து, வீட்டிலுள்ள மற்றவற்றை மறைப்பது. மெயின் வைஃபையிலும் 'ஏபி ஐசொலேஷன்' என்ற அமைப்பு ஆனில் இருந்தால் ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கருவிகள்கூட ஒன்றையொன்று பார்க்காது. பிரிண்டர் சேர்ந்திருக்கிறது, முகவரி இருக்கிறது, ஆனாலும் ஒரு போனிலும் தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அவள் வீட்டு ஆள்தானே. மெயின் வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். சேர்ந்த கையோடு பிரிண்டர் பட்டியலில் வந்து நின்றது.

மார்ச் 16, ஞாயிறு

மீதமிருந்த சில்லறை வேலைகள். பிரவுசரில் 192.168.1.50 என்று தட்டினால் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறக்கிறது. 'பாதுகாப்பற்ற தளம்' என்று பிரவுசர் எச்சரிக்கும். பிரிண்டர் தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதால் வரும் எச்சரிக்கை அது, வீட்டுக்குள் பயப்பட வேண்டியதில்லை. அங்கே அட்மின் பாஸ்வேர்டு வைத்தேன், பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன். வைஃபை டைரக்ட் ஆனில் இருந்தது. ரவுட்டர் இல்லாமலே பிரிண்டரோடு நேராக இணைய உதவும் வசதி. எங்களுக்கு அது வேண்டாம், அணைத்துவிட்டேன். பிரிண்டர் தானே முழுவதுமாக அணைந்துபோகும் 'ஆட்டோ ஆஃப்' வசதியையும் நிறுத்தியாயிற்று. தூக்க நிலையில் இருந்தால் வேலை வந்ததும் விழித்துக்கொள்ளும், அணைந்திருந்தால் யாராவது போய்ப் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

கிளம்பும் முன் அண்ணன் மகள் தன் லினக்ஸ் லேப்டாப்பையும் திறந்து பார்த்தாள். டிரைவர் எதையும் தேடவில்லை. லினக்ஸில் அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் கப்ஸ் என்ற மென்பொருள் தானாகவே பிரிண்டரைக் கண்டுபிடித்துக் காட்டியது, சோதனைப் பக்கமும் வந்தது.