மாலேவில் சோதனை செய்துகொண்டவர் என் அப்பா

2021 மார்ச்சில் அப்பாவுக்கு பைபாஸ். மான்ட்ரியலில் முதுகலை ஆராய்ச்சியின் நடுவில் இருந்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 8 அன்று, லேபில் வலிமைச் சோதனைக்காகப் பன்னிரண்டு கான்கிரீட் உருளைகளை வார்த்துவிட்டு, "28-ஆம் நாள் நானே வந்து உடைக்கிறேன்" என்று கூடப் படிக்கும் பையனிடம் சொல்லிவிட்டுக் கும்பகோணம் வந்தேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்பா வீட்டுக்குள் மெதுவாக நடக்க ஆரம்பித்த பிறகு போகலாம் என்று பயணத்தை ஏப்ரல் 28-க்குத் தள்ளிப் போட்டேன். அதுதான் தப்பு.

ஏப்ரல் 22 இரவு, கோவிட் தொற்றைக் காரணம் காட்டி, இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் பயணிகள் விமானங்களைக் கனடா 30 நாளுக்கு நிறுத்தியது. முப்பது நாள்தானே என்று பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்புறம் ஜூன் 21 வரை என்றார்கள், ஜூலை 21 வரை என்றார்கள், ஆகஸ்ட் 21 வரை என்றார்கள். நான்காவது தடவை அம்மாவே பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த புளிக்காய்ச்சலை எடுத்து வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டார்.

வகுப்புகள் இணையத்தில் நடந்தன. மான்ட்ரியலில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அது பரவாயில்லை. ஆனால் கான்கிரீட்டை இணையத்தில் உடைக்க முடியாது. செப்டம்பர் செமஸ்டருக்குள் வந்துவிட்டால் நல்லது என்று பேராசிரியர் மென்மையாக ஒரு மெயில் போட்டார். மென்மையாகச் சொன்னதால்தான் பயம் வந்தது.

முதல் முடிச்சு தடுப்பூசி. ஜூலை 5-லிருந்து இரண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆனவர்களுக்குக் கனடா தனிமைப்படுத்தலை விலக்கியது; ஏற்றுக்கொண்ட பட்டியலில் கோவிஷீல்டு இருந்தது, கோவாக்சின் இல்லை. (சென்னையில் இருந்த நண்பன் ஒருவன் முகாமில் கிடைத்த கோவாக்சினைப் போட்டுக்கொண்டிருந்தான். அதைக் கனடா ஏற்றது நவம்பர் கடைசியில்தான். அவன் கதை தனி.) நான் முதல் டோஸ் போட்டது ஜூன் 3, கோவிஷீல்டு. அப்போது இரண்டு டோஸுக்கும் இடைவெளி 84 நாள். விரல் விட்டு எண்ணினால் இரண்டாவது ஆகஸ்ட் 26, மேலே பதினான்கு நாள் சேர்த்தால் செப்டம்பர் 9. வகுப்பு தொடங்குவது செப்டம்பர் 7, லேபர் டே முடிந்த மறுநாள்.

நல்லவேளையாக ஜூன் 7 அன்று மத்திய சுகாதாரத் துறை ஒரு விலக்கு கொடுத்தது. வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களும், டோக்கியோ ஒலிம்பிக் போகும் வீரர்களும் 28 நாளிலேயே இரண்டாவது டோஸ் போட்டுக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கும் 28 நாள், ஊசிக்கும் 28 நாள் என்று அப்பாவிடம் சொன்னேன். தையல் வலிக்கும், சிரிக்க வைக்காதே என்றார்.

இரண்டாவது டோஸுக்கு ஜூலை 1 அன்று தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. தொற்று குறையாத பதினொரு மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று, பஸ் ஓடவில்லை. எதிர்வீட்டு அண்ணன் பைக்கில் கூட்டிப்போனார். ஸ்டடி பெர்மிட், பல்கலைக்கழகக் கடிதம், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றையும் அதிகாரி புரட்டிப் பார்த்தார். கடைசியில், தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினையும் பார்த்துவிட்டு, கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"தம்பி, இதுல கார்த்திகேயன் சுப்பிரமணியன்னு இருக்கு. கோவின்ல வெறும் கார்த்திகேயன் எஸ்னு இருக்கே?"

நம் ஊரில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை முழுசாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டாயிற்று. மூன்றும் நான்தான் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். விமான நிறுவனத்துக்குத் தெரியாது. ஊசியைப் போட்டு அனுப்பிய அவர், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கும்போதே பெயரையும் திருத்திவிடச் சொன்னார்.

அன்று ராத்திரி அந்த வேலைக்கு உட்கார்ந்தேன். கோவினில் பெயரை ஒருமுறைதான் திருத்த முடியும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அம்மா பாஸ்போர்ட்டை விளக்கடியில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அம்மா படித்தது தமிழ் மீடியம். "எஸ்... யு... பி..." என்று நிறுத்தி நிறுத்தி, ஏதோ மந்திரம் சொல்லுகிற மாதிரி. அடித்து முடித்ததும் "இரு, அழுத்தாதே" என்று இன்னொரு தடவை கடைசியிலிருந்து படித்தார். அழுத்தினேன். ஒரு நாள் கழித்துப் புதுச் சான்றிதழ் வந்தது. பாஸ்போர்ட்டும் ஊசியும் ஒரே ஆள் ஆயின.

ஆகஸ்ட் 9. தடையை செப்டம்பர் 21 வரை நீட்டிவிட்டார்கள் என்று செய்தி. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நேர் விமானத்துக்குக் காத்திருப்பதில்லை என்று.

சுற்றிப் போகலாம், தடையில்லை. ஆனால் கனடாவுக்குக் காட்டும் கோவிட் சோதனை இந்தியாவில் எடுத்ததாக இருக்கக் கூடாது, வழியில் மூன்றாவது நாடு ஒன்றில் இறங்கி எடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் இதற்காகவே நூற்றுக்கணக்கான மாணவர்கள் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோ என்றார்கள் சிலர். கனடா விசா இருந்தால் அங்கே தனி விசா வேண்டாம், ஆனால் பூமியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பெல்கிரேடு என்றார்கள் சிலர், கெய்ரோ என்றார்கள் சிலர். நான் மாலத்தீவைப் பிடித்தேன். ஜூலை 15-லிருந்து இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு விட்டிருந்தார்கள், இறங்கியதும் விசா, தனிமைப்படுத்தல் இல்லை. மும்பையிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகாது. தங்குமிடம் உட்பட எல்லாமாக ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. வழக்கமாக ஆகிற செலவில் இரண்டு பங்கு. பாதியை மாமா கொடுத்தார், மீதிக்கு அம்மா என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, கையைப் பார்த்தாலே தெரிந்தது.

வழியைவிடக் கணக்குதான் கஷ்டம். மாலத்தீவுக்குள் நுழைய, கிளம்புவதற்கு 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். இமுகா என்கிற அவர்களுடைய படிவத்தைக் கிளம்பும் 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், வெளியேறும்போதும் ஒரு தடவை. கனடாவுக்கான சோதனை, கடைசி விமானம் கிளம்பும் நேரத்துக்கு முந்தைய 72 மணிக்குள். என் கடைசி விமானம் தோஹாவிலிருந்து. அதனால் மாலத்தீவின் தலைநகரான மாலேயின் நேரத்தையும் தோஹா நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சுவரில் ஒட்டி, பின்னாலிருந்து எண்ணினேன். கனடாவுக்குள் நுழைவதற்கான அரைவ்கேன் செயலியில் தடுப்பூசிச் சான்றிதழை ஏற்ற வேண்டும். ஊசி போட்டவர்களும் 14 நாள் தனிமைத் திட்டம் ஒன்றைக் கட்டாயம் காட்ட வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று. மான்ட்ரியலில் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் நண்பன் வீட்டு அறையை எழுதிக் கொடுத்தேன்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பேசாத பயம் ஒன்று உண்டு. மாலேவில் எடுக்கும் சோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? குறைந்தது இரண்டு வாரம் அங்கேயே கிடக்க வேண்டும். கையில் நான்கு நாளுக்கான பணம்தான்.

ஆகஸ்ட் 25, புதன்கிழமை மாலேவில் இறங்கினேன். விமான நிலையமே ஒரு தீவு, ஓடுபாதை முடிகிற இடத்தில் கடல். எனக்கு முன்னால் வரிசையில் தேனிலவு ஜோடிகள், பின்னால் முதுகுப்பையும் பிளாஸ்டிக் கோப்பும் வைத்திருந்த பஞ்சாப் பையன்கள் ஐந்து பேர். யார் சுற்றுலா, யார் சோதனை என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஹுல்ஹுமாலே என்கிற, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் ஒரு சின்ன விருந்தினர் விடுதி. வழியெல்லாம் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. தொழில் புத்தி, கான்கிரீட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

வியாழன் மதியம் சோதனை. வெள்ளி காலை பத்து மணிக்கு முடிவு மெயிலில் வந்தது. நெகட்டிவ். கட்டிலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுவிட்டு மேலே பார்த்தால், பெயர் என்ற இடத்தில் "சுப்பிரமணியன்". அவ்வளவுதான். மாலேவில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டவர் என் அப்பா. அவரோ கும்பகோணத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பாஸ்போர்ட் எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் சரியில்லாத அறிக்கையால் திருப்பி அனுப்பப்பட்ட கதைகளைக் குழுவில் நிறையப் படித்திருந்தேன். சோதனை மையத்துக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. மாலத்தீவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. என் விமானம் அன்று இரவு.

விடுதியில் ஏசி பழுது பார்க்க வந்திருந்தவர் தூத்துக்குடிக்காரர். அம்மாவிடம் நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்குட்டுப் போறீய?" என்றார். சொன்னேன். தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குத் தோணியில் வெங்காயமும் சல்லிக்கல்லும் வந்த காலத்திலேயே அவர் அப்பா இங்கே வந்து போனவராம். மாலத்தீவின் திவேஹி மொழியை நம் ஊர் ராகத்தில் பேசினார். அந்த மையத்தில் வேலை செய்யும் யாரோ ஒருவருடைய மச்சானைப் பிடித்தார்.

"தொழுகை முடிஞ்சிதான் ஆள் வருவான். அதுவரைக்கும் பேசாம சாப்பிடுங்க."

"நேரம் இருக்குமா அண்ணாச்சி?"

"வெமானம் ராத்திரிதானே. பொறவு என்ன?"

அவர் வாங்கிக் கொடுத்த ரொட்டியையும், தேங்காய்த் துருவலோடு பிசைந்த மாசிக் கருவாட்டையும் தின்றேன். மூன்று மணிக்கு ஓர் இளைஞன் ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்து கணினியைத் தட்டினான். முழுப் பெயரையும் நானே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மா மாதிரியே கடைசியிலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அச்செடுக்கச் சொன்னேன். அண்ணாச்சி காசு வாங்கவில்லை. ஊருக்கு வந்தால் மக்ரூன் வாங்கிக் கொடுங்கள் என்றார்.

மீதிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாலேவில் ஒரு தடவை, தோஹாவில் விமானத்தின் வாசலிலேயே ஒரு தடவை எல்லாத் தாளையும் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் விரல் பெயரின் மேல்தான் ஊர்ந்தது. மான்ட்ரியலில் "போன்ஜூர், ஹாய்" என்றார் குடியேற்ற அதிகாரி. மாலத்தீவு எப்படி இருந்தது என்று கேட்டார். கடலைப் பார்த்தீர்களா என்றார். விமானத்திலிருந்து பார்த்தேன் என்றேன். ஊசி போட்டவர்களில் சிலரைக் குலுக்கலில் எடுத்து மறுபடியும் சோதித்தார்கள்; என் பெயர் வந்தது. அந்தப் பெண் பட்டியலில் தேடிவிட்டு "மிஸ்டர் சுப்பிரமணியன்?" என்று கூப்பிட்டார். இந்தத் தடவை பேசாமல் எழுந்து போனேன்.

தனிமை இல்லை, ஆனால் 14 நாளைக்கு யார் யாரோடு நெருங்கிப் பழகினேன் என்று பட்டியல் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு நோட்டு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போனேன். சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியின் மூலையில் பன்னிரண்டு உருளைகளும் அப்படியே இருந்தன, மார்க்கர் பேனாவில் நான் எழுதிய இனிஷியலோடு. 28-ஆம் நாள் உடைத்திருக்க வேண்டியவை. அன்றைக்கு 176-ஆம் நாள். வீணாக்காதே, முதிர்ந்த கான்கிரீட் என்று ஒரு வரிசையைச் சேர்த்துக்கொள் என்றார் பேராசிரியர். முதல் உருளையைத் துடைத்து இயந்திரத்தில் வைத்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. உடைந்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள், முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே உள்ளே வந்து, எப்போது வந்தாய், எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நோட்டை எடுத்து அவர்கள் பெயரை எழுதிக்கொண்டேன். ஸ்பெல்லிங் கேட்டுத்தான்.