அமிலம் பாதி

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய பலா மேசை இருக்கிறது. பல்கலைக்கழக வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு என் அலுவலகம் அதுதான். அதற்கு முன் 11 வருடம், வேறொரு மாகாணத்தில், ஆராய்ச்சியாளர்கள் செய்ததை ஆக்கவுரிமை விண்ணப்பமாக எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். ஆக்கவுரிமை என்றால், புதிதாக ஒன்றை ஆக்கியவருக்கு அதன்மேல் சட்டம் கொடுக்கும் உரிமை. பேச்சில் எல்லோரும் பேட்டன் என்றுதான் சொல்வோம். இப்போதும் அதே வேலைதான். ஆட்கள் மட்டும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருகிறார்கள்.

வருகிற எல்லோரும் “என்னிடம் ஒரு கண்டுபிடிப்பு இருக்கு” என்றுதான் தொடங்குவார்கள். அந்தச் சொல்லிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே இருப்பதை அறிந்து சொல்வதும் தமிழில் கண்டுபிடிப்பு, இல்லாத ஒன்றை ஆக்குவதும் கண்டுபிடிப்பு. எங்கள் நாடான இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. வெறுமனே கண்டறிந்ததற்கும், அறிவியல் கோட்பாட்டுக்கும், கணித முறைக்கும் ஆக்கவுரிமை கிடையாது.

புல்மோட்டை மணலை வைத்துத்தான் இதை விளக்குவேன். அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. அவை அங்கே கிடக்கின்றன என்று அறிந்தது பெரிய காரியம். ஆனாலும் அந்த அறிவுக்கு யாரும் உரிமை கோர முடியாது. இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும். மிஞ்சும் உரூத்தைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. இந்தக் குணங்களைப் பிடித்து, இதுவரை யாரும் செய்யாத விதமாக மணலைப் பிரிக்கும் பொறி ஒன்றைச் செய்தீர்களா, வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும். நாலு வருட ஆராய்ச்சியில் தாங்கள் கண்டது உண்மையான அறிவு, ஆனால் ஆக்கவுரிமைக்குரியது அல்ல என்று அறிவது லேசான விஷயமா? அந்த வாட்டத்தை நான் ஒருபோதும் சின்னதாக எடுத்ததில்லை.

சம்பூரிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளும் தாயும் எழுதலாம் என்று சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் வீட்டுக் கிணற்றில் இரும்பு அதிகம். அள்ளும்போது கண்ணாடி போலிருக்கும் தண்ணீர், வாளியில் கொஞ்ச நேரம் நின்றால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்த குடும்பம். வந்ததும் செய்த முதல் வேலை கிணறு இறைத்ததுதான் என்று தாய் சொன்னார். அந்தக் கிணற்றை மனதில் வைத்துத்தான் மகள் முதுமாணிப் படிப்புக்குத் தலைப்பையே எடுத்திருந்தாள்: நண்டுக் கோதிலிருந்து பெறும் கைட்டோசானால் தண்ணீரில் உள்ள இரும்பை நீக்குதல்.

“அக்கா, இது உலகம் முழுக்க ஆக்கள் செய்ததுதானே. புதுசு எண்டு என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டாள். ஆய்வேட்டை மேசையில் வைத்த கையோடு கேட்ட கேள்வி அது.

அவள் சொன்னது சரி. கைட்டோசான் 1859 இலிருந்து அறியப்பட்ட பொருள். அது உலோகங்களைப் பிடிக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆய்வேட்டின் தலைப்பை அப்படியே விண்ணப்பமாக எழுதினால் முதல் தேடலிலேயே விழுந்துவிடும்.

ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, ஆய்வுகூடக் குறிப்பேட்டைக் கேட்டேன். எப்போதும் அப்படித்தான் கேட்பேன். ஆய்வேடு முடிவிலிருந்து பின்னோக்கி எழுதப்படுவது. எல்லாம் ஆரம்பத்திலேயே திட்டமிட்டு நடந்தது போல இருக்கும். குறிப்பேட்டில்தான் நடந்தது இருக்கும். அவளுடையது நண்டு மணத்தோடு, ஓரமெல்லாம் மஞ்சளாகி இருந்தது. இரண்டு பின்னேரம் பக்கம் பக்கமாக வாசித்தோம். நடுவில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தது: “அமிலம் பாதி. கழுவியது. வெயிலில் காய வைத்தது.”

“இதென்ன, பாதி?”

“அது பிழைச்சுப் போன மாதிரி அக்கா. அண்டைக்கு லாப்பில அசிட் முடிஞ்சு போச்சு. ஓடர் பண்ணினது வர ரெண்டு மாசம் எண்டவை. கோதை வீசவும் மனம் வரேல்ல.”

வழக்கமான முறையில் கோதை ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அதிலுள்ள கல்சியம் காபனேற்று முழுவதையும் கரைத்துவிடுவார்கள். பிறகு காரத்தில் போட்டுப் புரதத்தை எடுப்பார்கள். மிஞ்சும் கைட்டினைக் கடுமையான சூடான காரத்தில் வைத்தால் கைட்டோசான் வரும். அமிலம் போதாததால் அவளுடைய கோதில் சுண்ணாம்பு பாதியளவு தங்கிவிட்டது. பழுதான மாதிரி என்று ஒதுக்காமல் அதையும் சோதித்திருக்கிறாள். ஒழுங்காகச் செய்ததைவிட அது இரும்பை விரைவாக நீக்கியிருந்தது. ஆய்வேட்டில் அதற்குக் கிடைத்த இடம் ஓர் அட்டவணையின் கடைசி நிரலும், “மேலும் ஆராயப்பட வேண்டும்” என்ற ஒரு வசனமும்தான்.

காரணம் யோசித்தால் விளங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றோடு சேர்ந்துதான் துருவாகப் படியும். தண்ணீரின் அமிலத்தன்மை குறையக் குறைய அது விரைவாக நடக்கும். தங்கிய சுண்ணாம்பு அமிலத்தன்மையைக் குறைத்தது, கைட்டோசான் துருத் துணிக்கைகளைப் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு பழசு, கைட்டோசானும் பழசு. கோதுக்குள் இயல்பாகவே இருக்கும் சுண்ணாம்பை ஓர் அளவோடு கரைத்து நிறுத்தி, இரண்டு வேலையையும் ஒரே துண்டுக் கோதிடம் வாங்கியதுதான் அவள் ஆக்கியது. அமிலமும் பாதி மிச்சம்.

ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் தளத்தில் பழைய ஆக்கவுரிமை ஆவணங்களை யாரும் காசில்லாமல் தேடலாம். மூன்று கிழமை தேடினோம். கிட்டக் கிட்ட வந்தவை இருந்தன, அதுவே வரவில்லை. அப்புறம்தான் எழுத உட்கார்ந்தோம்.

விண்ணப்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி உரிமைக்கோரல். எது என்னுடையது, அதன் எல்லை எது என்பதை ஒவ்வொரு கோரலிலும் ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். காணி உறுதியில் நான்கு பக்க எல்லை எழுதுவது போலத்தான். அவள் முதலில் எழுதியது “நண்டுக் கோதினால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறை”. ஊர்க் காணி முழுவதையும் வளைத்த மாதிரி. அப்படி அகலமாகக் கேட்டால் பழைய ஆவணங்கள் எல்லாம் எதிரே வந்து நிற்கும். கொஞ்சம் இறுக்குங்கள் என்றேன். அடுத்த நாள் கடல் நண்டு, இத்தனை மில்லிலீற்றர் அமிலம், இத்தனை நிமிடம் என்று தன் பரிசோதனையை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். இப்போது காணி ஒரு பாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

“ஒருத்தர் களப்பு நண்டை எடுத்துச் செய்தால் உங்கட வேலிக்கு வெளியில நிற்பாரே, அப்ப என்ன செய்வீங்கள்?” என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் போனாள். கொட்டியாரக் குடாப் பக்கம் போய்க் களப்பு நண்டு வாங்கி, அதே அளவு அமிலத்தில் செய்து பார்த்திருக்கிறாள். சரிவரவில்லை. அந்தக் கோது தடிப்பு, அதே அமிலத்துக்குச் சுண்ணாம்பு கூடுதலாகத் தங்கிவிட்டது. அமிலத்தைக் கூட்டி, தங்கும் சுண்ணாம்பைக் கடல் நண்டின் அளவுக்குக் கொண்டுவந்ததும் அதுவும் வேலை செய்தது. அன்றிரவு போனில் அவள் குரலே மாறியிருந்தது. “அக்கா, அமிலத்தை எழுதத் தேவையில்லை. என்ன மிஞ்சுது எண்டதைத்தான் எழுத வேணும்!”

என் வேலையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் கிடையாது. தான் செய்தது என்ன என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டரை வருடம் ஆய்வு செய்து, ஏடு எழுதி, வாய்மொழிப் பரீட்சையும் முடித்தவளிடம், நீ எந்த இடத்தில் மற்றவர்களிடமிருந்து விலகினாய் என்று யாரும் ஒருதரம்கூடக் கேட்டிருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் யோசனை இல்லை என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். யோசனை குறிப்பேட்டில் கிடக்கிறது. வாசிக்கத்தான் ஆளில்லை.

இதை எங்கேயாவது வெளியில் சொன்னீர்களா என்று கேட்டபோது, ஓர் ஆய்வு மாநாட்டில் சுவரொட்டி வைத்ததாகச் சொன்னாள். சுருக்க நூலைக் கொண்டுவரச் சொன்னேன். தங்கிய சுண்ணாம்பின் வீதம் முதற்கொண்டு அச்சாகியிருந்தது. திகதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினேன். பத்து மாதம்.

ஆக்கவுரிமைக்கு, விண்ணப்பிக்கும் நாளில் அது உலகுக்குப் புதியதாக இருக்க வேண்டும். ஆக்கியவரே மேடையில் சொல்லியிருந்தாலும் புதுமை போய்விடும். எங்கள் சட்டம் ஒரு சலுகை தருகிறது: விண்ணப்பதாரர் தானே வெளியிட்டிருந்தால், அதன்பின் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட்டால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அமெரிக்காவிலும் ஒரு வருடம் உண்டு. ஐரோப்பாவில் இப்படி ஒரு சலுகை இல்லை.

மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையை ஆக்கிய ஸ்டான்லி கோயனுக்கும் ஹெர்பர்ட் போயருக்கும் இதே கதைதான். அவர்களுடைய கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உரிம வேலைகளைப் பார்த்த நீல்ஸ் ரைமர்ஸ், பத்திரிகைச் செய்தி ஒன்றைப் பார்த்துத்தான் அவர்களைத் தேடிப் போனார். 1974 நவம்பர் 4 ஆம் திகதி விண்ணப்பம் போனது, வருடம் முடியச் சில நாள் இருக்கையில். அந்த உரிமம் பிற்பாடு 25 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவுக்கு வெளியே ஒன்றும் கிடைக்கவில்லை, கட்டுரை முந்திவிட்டதே காரணம்.

எனக்கு அந்தத் திகதிக் கணக்கு வேறொரு நினைவையும் கொண்டுவரும். முந்தைய வேலையில், விதை நடும் சிறு கருவி ஒன்றை ஆக்கிய விரிவுரையாளருக்கு விண்ணப்பம் எழுதி முடித்து, கமிட்டியின் கையொப்பத்துக்கு அனுப்பினேன். கமிட்டி கூடவில்லை. நானும் நினைவூட்டல் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கையொப்பம் வந்தபோது அவர் கண்காட்சியில் காட்டி ஒரு வருடமும் 19 நாளும் ஆகியிருந்தது. கதவைத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. அவரை இன்று கண்டாலும் அந்த 19 நாள் எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

அதனால் இந்த முறை விடவில்லை. நாள்தோறும் எழுதினோம். பெயர் விஷயத்தில் ஓர் இழுபறி வந்தது. ஆய்வுக் கட்டுரையில் உதவிய எல்லோருக்கும் இடம் கொடுப்பது வழக்கம். ஆக்கவுரிமையில் ஆக்கியவர் என்று போடுவது, உரிமைக்கோரலில் உள்ள எண்ணத்துக்குப் பங்களித்தவரை மட்டும்தான். தலைப்பைத் தந்த மேற்பார்வையாளர் முதலில் மனம் வருந்தினார். கோரலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இது அவட வேலைதான்” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.

கையொப்பம் வைக்கும் நேரத்தில் அவளுக்கே ஒரு தயக்கம். “எங்கட சனத்துக்குச் சும்மா குடுக்கத்தானே அக்கா செய்தனான். பிறகென்னத்துக்குப் பேட்டன்?”

இன்சுலின் கதையைச் சொன்னேன். பாண்டிங், பெஸ்ட், கொலிப் மூவரும் 1923 இல் அதன் உரிமையைத் தலா ஒரு டொலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். சும்மா விட்டிருந்தால் வேறொருவர் உரிமை எடுத்துக் கதவைப் பூட்டியிருக்கலாம். திறப்பு உங்கள் கையில் இருந்தால் கதவைத் திறந்தே வைக்கலாம் என்றேன். தாய் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “முந்தி நாங்கள் தேத்தாங்கொட்டைதானே குடத்துக்குள்ள உரசினனாங்கள். அதுக்கு ஆர் பேட்டன் எடுத்தது?” என்றார்.

நல்ல கேள்வி. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995 இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை கொடுத்தேவிட்டார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடி, 1997 இல் அது ரத்தானது. எழுதி வைத்திருந்தபடியால் காப்பாற்ற முடிந்தது. அந்தத் தாயின் தேத்தாங்கொட்டையை விண்ணப்பத்தின் பின்னணிப் பகுதியில், எங்கள் பக்கத்து வீடுகளில் வழிவழியாகத் தண்ணீர் தெளியவைத்த முறை என்று எழுதிச் சேர்த்தேன். அந்தப் பந்தியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அது அங்கே இருக்க வேண்டும்.

இரவு ரயிலில் கொழும்பு போய், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். அந்தச் சலுகை வருடம் முடிய 23 நாள் இருந்தது.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பரிசோதகரின் கடிதம் போன மாதம் வந்தது. நாங்கள் ஒரு கோரலில் “நண்டு, இறால் போன்றவற்றின் கோது” என்று எழுதியிருந்தோம். இறாலுக்கு விண்ணப்பத்தில் பரிசோதனை எங்கே என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இறால் கோதில் சுண்ணாம்பு குறைவு, அது எப்படி நடந்துகொள்ளும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு பின்னேரம் முழுக்கப் பேசி, இறாலை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அந்தச் சொல்லை அவளே பேனையால் வெட்டினாள்.

நாலரை பஸ்ஸுக்கு எழுந்தவள் படலையடியில் நின்று, இறாலை வேறாகச் செய்து பார்த்தால் புது விண்ணப்பம் போடலாமா என்று கேட்டாள். வித்தியாசமாக ஏதாவது வந்தால் போடலாம் என்றேன். அடுத்த கிழமை வந்தபோது கையில் புதுக் குறிப்பேடு இருந்தது. முதல் பக்கத்தில் திகதி போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: “இறால் கோது 2 கிலோ, மீன் சந்தை. அமிலம் கால்.”