வயிற்றுக் கிருமிக்கு 14 நாள் மருந்து: நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில் எரிச்சல். விடியற்காலையில் பசியோடு சேர்ந்து ஒரு வலி. புளித்த ஏப்பம். இரண்டு கவளம் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிட்ட மாதிரி உப்புசம். எங்கள் பக்கத்தில் இத்தனைக்கும் ஒரே பெயர்தான்: கேஸ். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி வரை எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் அட்டையிலிருந்து நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இருந்தது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும், அது உண்டாக்கிய குடல்புண்ணும். கண்டுபிடித்து, மருந்தை முடித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் பரிசோதித்து வந்துவிட்டேன். இதே வலியோடு எங்கள் ஊரிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சம்பா அறுவடை முடியும்போது வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தேன். அறுவடைக் காலத்தில் சாப்பாட்டு நேரம் தவறுவதும், டீயிலேயே பொழுது போவதும் சகஜம் என்பதால் வீட்டில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. உள்ளூர் டாக்டர்தான் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களுக்கு ஐம்பது தாண்டியாச்சு. எடையும் குறையுது. இனி மாத்திரையை மட்டும் எழுதிக்கிட்டு இருக்கக்கூடாது. தஞ்சாவூர் போய், வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்குற எண்டோஸ்கோப்பி பண்ணிடுங்க" என்றார். எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை, இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் பார்க்க வேண்டும் என்று அவர் விரல் விட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

நாள் குறிக்க ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார்கள். பான்டோபிரசோல் என்றேன். அமிலத்தைக் குறைக்கும் அந்த வகை மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்தினால்தான் கிருமிப் பரிசோதனை சரியாக வரும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும் என்றார்கள். ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டுமாம். பலரும் மாத்திரையை விழுங்கிவிட்டு அப்படியே டெஸ்டுக்குப் போகிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். இடைப்பட்ட நாட்களில் எரிச்சல் திரும்பவும் தலைதூக்கியது. அதற்கு டாக்டர் சம்மதித்த ஜெல் மருந்தும், குழைந்த சோறும், தேங்காய்ப்பால் விட்ட மணத்தக்காளிக் கீரையுமாக ஓட்டினேன்.

எண்டோஸ்கோப்பி என்றதும் வருகிற பயம் அது ஆகும் நேரத்தைவிடப் பெரியது. முதல்நாள் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிடாமல், மனைவியோடு முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய், மருத்துவக் கல்லூரிச் சாலையில் இறங்கினோம். தொண்டையில் ஒரு மருந்து அடித்தார்கள். கசப்பு. கொஞ்ச நேரத்தில் தொண்டை இருக்கிற இடமே தெரியவில்லை, எச்சில் விழுங்குவதுகூட விசித்திரமாக இருந்தது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தார்கள். "எச்சிலை விழுங்காதீங்க, வாயோரமா வழிய விடுங்க. மூக்கால மூச்சு விடுங்க" என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். குழாய் தொண்டையைத் தாண்டும் அந்த ஒரு நொடி குமட்டல்தான் கஷ்டம். அப்புறம் உள்ளே காற்று ஊதுவதால் வயிறு உப்பும், ஏப்பம் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வருமாம். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மரத்துப்போனது தெளியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, புரையேறிவிடும். தூக்க ஊசி போட்டுக்கொள்பவர்கள் கட்டாயம் துணைக்கு ஆள் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.

இரைப்பையைத் தாண்டி சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருந்தது. இரைப்பையிலிருந்து துளி சதை எடுத்து மஞ்சள் நிற மருந்தில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது ரோஸ் நிறமாக மாறியதை என்னிடமே காட்டினார் டாக்டர். அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், அதனால்தான் நிறம் மாறுகிறது. அதே அம்மோனியாவைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டுதான் இரைப்பையின் அமிலத்திலும் அது சாகாமல் இருக்கிறது. வரப்பில் நண்டு வளை தோண்டுவது போல இரைப்பையின் வழவழப்பான சவ்வுக்குள் புகுந்து உட்கார்ந்துவிடுகிறது.

"காரம் தின்னு தின்னு வந்ததா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணுக்கு மூலகாரணம் அது இல்லை என்றார். உலகம் முழுக்கவே கவலையும் காரமும் அமிலமும்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அப்படியும் யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சி வரவைத்து நிரூபித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியைப் போக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை: 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிருமி இருக்கும் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனாலும் இருப்பது தெரிந்த பிறகு வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றார்.

அடுத்து அவர் கேட்டது மூட்டுவலி மாத்திரை பற்றி. நடவு, களை, மூட்டை தூக்குவது என்று உழைக்கிற எங்கள் ஊர்களில் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் மிட்டாய் மாதிரிப் புழங்குகின்றன. கிருமிக்கு அடுத்தபடியாகக் குடல்புண்ணுக்குப் பெரிய காரணம் அதுதான். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. வலிக்கு வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி மருந்து. நம் நாட்டில் சில ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி பழகிவிட்டதால், பிஸ்மத் சேர்ந்த நாலு மருந்துக் கூட்டு எழுதினார்: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், இவற்றோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. மொத்தம் 14 நாள். உங்களுக்கு வேறு கூட்டு எழுதலாம், என் சீட்டைப் பார்த்து யாரும் வாங்கக்கூடாது. டெட்ராசைக்ளின் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. தஞ்சாவூரிலேயே தேடி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினோம். பாதியில் தீர்ந்து அலைவதைவிட அது மேல்.

அமில மாத்திரை காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். மற்றவை பகல் முழுக்கப் பரவிக் கிடந்தன. மனைவி காலண்டர் அட்டையின் பின்புறம் வேளைகளை எழுதி, சாப்பிட்டதும் டிக் போட்டாள். கஷ்டம் மாத்திரையின் எண்ணிக்கையில் இல்லை, பாலில் இருந்தது. டெட்ராசைக்ளினோடு பால், தயிர், மோர் சேர்ந்தால் சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது. இரண்டு பக்கமும் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். பங்குனி வெயிலில், மத்தியானச் சோற்றுக்கு மோர் இல்லை என்றால் டெல்டாக்காரனுக்கு எப்படி இருக்கும்! விடிந்ததும் ஒரு காபி, மதிய மருந்துக்கும் மாலை மருந்துக்கும் நடுவில் ஒரு காபி என்று அடக்கிக்கொண்டேன். மதியம் ரசம் சோறும் வாழைத்தண்டுப் பொரியலும்.

அதே மருந்து வெயிலில் தோலைச் சீக்கிரம் கருக்கிவிடும் என்றும் எச்சரித்திருந்தார்கள். சம்பா தரிசில் தெளித்த உளுந்து பறிக்கிற சமயம் அது. வெயில் ஏறுவதற்கு முன்பே வயலுக்குப் போய், முழுக்கைச் சட்டையோடு நின்றுவிட்டு வந்துவிடுவேன். மாத்திரை போட்டதும் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும், உடனே படுக்கக்கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும். மெட்ரோனிடசோல் இருக்கும்வரை மது தொடவே கூடாது, முடித்த பிறகும் சில நாட்களுக்கு.

நாக்கில் இரும்பை நக்கிய மாதிரி ஒரு ருசி. லேசாக வயிற்றுப்போக்கு. நாக்கும் மலமும் கறுத்துப்போயின. பிஸ்மத்தால் கறுப்பாகும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் தைரியமாக இருந்தேன். ரத்தக்கசிவால் வரும் கறுப்பு தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு இருக்கும், தலைசுற்றலும் சேர்ந்து வரலாம். அப்படி இருந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று பிரித்துச் சொல்லி அனுப்பினார். முதல் வாரத்திலேயே வலி நின்றுவிடும், அப்போது நிறுத்தலாம் என்று ஆசை வரும். நிறுத்தினால் மிச்சமுள்ள கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அந்த மருந்தே வேலை செய்யாது. தயவுசெய்து முடியுங்கள்.

முடித்த பிறகும் ஒரு படி இருக்கிறது. ஆன்டிபயாடிக் நின்று குறைந்தது 4 வாரம் கழித்து, அமில மாத்திரையையும் 2 வாரம் நிறுத்தி, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். வலி போனால் கிருமியும் போனதாக அர்த்தமில்லை. இதற்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, மலப் பரிசோதனையும் உண்டு. எனக்கு மலப் பரிசோதனை. லேப்பில் ரத்தத்தில் பார்க்கலாமே என்றார்கள். ரத்தத்தில் பார்ப்பது எதிர்ப்பொருளை, அது கிருமி செத்த பிறகும் நெடுநாள் இருக்கும் என்பதால் டாக்டர் எழுதியதையே கேட்டு வாங்கினேன். நெகட்டிவ் என்று வந்தது. அந்தத் தாளை மனைவி சாமி மாடத்தில் வைத்தாள்.

ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் சேர்த்து அடித்துவிட்டுப் போகிறது, குடல் பழைய நிலைக்கு வரச் சில வாரம் பிடித்தது. பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் காலையில் திரும்பி வந்தன. கீரை, அவரை, வாழைப்பூ, மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி என்று நார் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் வருகிறது. மணத்தக்காளி வத்தலும் சுண்டைக்காய் வத்தலும் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. வயிற்றுக்கு இதமான உணவு அவை, ஆனால் இந்தக் கிருமிக்கு மருந்தாகாது. கீரையே போதும் என்று டெஸ்டைத் தள்ளிப்போடும் சொந்தக்காரர்களிடம் இதைத்தான் வாதாடுகிறேன்.

பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் கிருமி என்பதால், நெஞ்சுக்கரிப்பு இருக்கும் மனைவிக்கும் டெஸ்ட் எடுத்தோம். அவளுக்கும் இருக்கிறது. குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடிக்கிறோம். குறுவை நடவு நடக்கிற இந்த நேரத்தில் வெயிலில் நிற்காமல் அவளால் முடியாது. டாக்டரிடம் கேட்டோம், நடவு முடிந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். மருந்தை இப்போதே தஞ்சாவூரில் சொல்லி வைத்துவிட்டேன். காலண்டர் அட்டையில் இந்த முறை நான் டிக் போட வேண்டும்.